கணக்குப் பொறியில் தமிழ் ஏடு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் முன்னோர் மரபு. இன்று மேல்வகுப்பு மாணவர் சிலர் கையில் வைத்திருக்கும் ஒரு கருவி, இவ்விரண்டில் எண் என்னும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ் எழுத்து என்னும் கண்ணையோ முற்றிலும் மூடி வைத்திருக்கிறது. வரைபடக் கால்குலேட்டர் என்பது அக்கருவியின் பெயர். மூடிய அந்தக் கண்ணைத் திறப்பது எப்படி, அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும், அந்த உழைப்பினால் தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு என்ன பயன் என்பனவே இப்பேச்சின் பொருள்.

சாதாரணக் கால்குலேட்டர் கணக்கின் விடையை இலக்கங்களாக ஒரு வரியில் காட்டும். வரைபடக் கால்குலேட்டரோ, ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால், அதற்குரிய வளைகோட்டையே திரையில் வரைந்து காட்டும். வளைகோடு வரைய வேண்டுமானால், திரை முழுவதும் தனித்தனியே ஒளிரவும் அணையவும் கூடிய சிறு ஒளிப்புள்ளிகளால் ஆனதாக இருத்தல் வேண்டும். புள்ளிகளை வைத்துக் கோடு வரைய முடியுமானால், எழுத்தும் வரைய முடியும் அன்றோ? கோலத்தில் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. கால்குலேட்டரை ஏடு படிக்கும் கருவியாக மாற்றும் முயற்சி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது.

இவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது ஜப்பானியக் கேசியோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட எஃப்.எக்ஸ்.-7000ஜி என்பது. அதன் திரை அகலத்தில் 96, உயரத்தில் 64 புள்ளிகளைக் கொண்டது. நாம் எழுதும் நிரலுக்கு அதில் இருந்த இடம் 422 பைட் மட்டுமே. இன்று கணிப்பொறியில் எழுதப்படும் முறையில் எழுதினால், இரண்டு குறட்பாக்களும் சற்று வெற்றிடமுமே அதில் அடங்கும். 1990இல் அமெரிக்க நாட்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் முதல் வரைபடக் கால்குலேட்டரை வெளியிட்டது. 2017இல் பிரான்ஸ் நாட்டில் நம்வொர்க்ஸ் என்னும் புதிய நிறுவனம் இத்துறையில் புகுந்தது. தன் கருவியின் இயக்க நிரலை யாவரும் படிக்கும்படி வெளியிட்டமையால், இப்பேச்சுக்கு அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கணக்கிடும் பொறிக்கும் கொல்கத்தா நகருக்கும் உள்ள உறவு பழையது. பேராசிரியர் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் நகரின் வடகோடியில் பராநகரில் உள்ளது. 1955-56 காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி அங்கே நிறுவப்பட்டது. இந்தியாவில் இயங்கிய முதல் மின்னணு இலக்கக் கணிப்பொறி அதுவே. பின்னர் அக்கழகமும், டாலிகஞ்சுக்கு அண்டை இடமான ஜாதவ்பூரின் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற டிரான்சிஸ்டர்க் கணிப்பொறியைத் தாமே அமைத்தன. அது 1966இல் நிறைவேறியது. அயல்நாட்டுப் பொறியை வாங்கிப் பழகி, அதன் உள்ளமைப்பை அறிந்து, பின் தாமே ஒன்றை அமைத்த வரலாறு அது. நாம் சொல்லப்போவது அதனினும் மிகச் சிறிய செயல். ஆயினும் மனப்பான்மை ஒன்றே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கைத்தொலைபேசியில் தமிழ் தெளிவாகத் தெரிகிறதே, கால்குலேட்டரில் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படித்தல் ஒன்றே நோக்கமானால் தொலைபேசியே எளிது. ஆனால் தொலைபேசியில் தமிழ் தெரிவதற்கு வேண்டிய வேலையை எங்கோ இருப்பவர்கள் முன்பே செய்து முடித்துவிட்டார்கள். அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கால்குலேட்டரிலோ அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். செய்யும்போது தமிழ் எழுத்தின் அமைப்பு முழுவதும் நம் கைக்கு வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் வங்கமும் இந்தியும் படித்து, தாய்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை. அழைப்பு மணியும் விளம்பரமும் குறுக்கிடாத ஏடு என்பது மற்றொரு சிறு நன்மை.

இனி வேலையைப் பார்ப்போம். நம்வொர்க்ஸ் கால்குலேட்டர் ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் பேசும். அதனுள் இருக்கும் எழுத்துரு இரண்டு. பெரியதில் ஓர் எழுத்து 10 புள்ளி அகலமும் 18 புள்ளி உயரமும் கொண்டது. சிறியது அகலம் 7, உயரம் 14. உரோமன் எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் அவற்றில் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே வெறும் ஆங்கில ஏடு படிக்கும் செயலியை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். உரையை எடுத்து, வரிக்கு 32 எழுத்தாகவோ 45 எழுத்தாகவோ வெட்டி, திரையில் எழுதும்படி பணித்தால் போதும். தமிழுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

முதலில், கணிப்பொறி தமிழை எவ்வாறு எழுதி வைக்கிறது என்று அறிய வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் முறைக்கு ஒருங்குறி என்று பெயர். அதன் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரையிலான 128 எண்கள் தமிழுக்கு உரியவை. ககரத்தின் எண் 2965. வழக்கமான யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் கொள்ளும். அம்மூன்றில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ககரம் 224, 174, 149 என்று நிற்கும். ஆகவே உரையைப் படிக்கும் நிரல் 224ஐயும் அதன்பின் 174ஐயோ 175ஐயோ கண்டவுடன், இங்கே தமிழ் வருகிறது என்று உணர்ந்து, மூன்று பைட்டையும் சேர்த்து ஓர் எண்ணாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படி எழுத்தைக் கூட்டுவது. டாலிகஞ்ச் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு டா, லி, க, ஞ், ச் என ஐந்து எழுத்து. கணிப்பொறிக்கோ டகரம், கால், லகரம், இகரக் குறி, ககரம், ஞகரம், புள்ளி, சகரம், புள்ளி என ஒன்பது குறி. அதாவது 27 பைட். மெய்யெழுத்து முதலில் நிற்காமல், அகரமேறிய எழுத்தின் மேல் புள்ளி பின்னால் வந்து சேருகிறது. திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்ததை இது நினைவூட்டும். நம் நிரலும் அவ்வாறே, ஓர் உயிர்மெய்யும் அதன் பின் வரும் குறியும் சேர்ந்து ஓர் எழுத்து என்று கூட்டக் கற்க வேண்டும்.

மூன்றாவது படியே முதன்மையானது. எழுத்தை ஒலிக்கும் வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. கொல்கத்தா என்ற சொல்லில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் திரையில் முதலில் ஒற்றைக் கொம்பும், பின் ககரமும், அதன்பின் காலும் வர வேண்டும். ஒரு குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்கிறது. எ, ஏ, ஐ ஆகிய குறிகள் மூன்றும் பின்னால் எழுதப்பட்டு முன்னால் வரையப்படுபவை. ஒ, ஓ, ஔ ஆகிய மூன்றும் இரு பக்கமும் வரையப்படுபவை. இந்த ஆறு விதிகளையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் இப்படியின் பெரும்பகுதி முடிந்தது.

டாலிகஞ்சில் வாழும் நேயர்களுக்கு இவ்விதி புதிதன்று. தெருவில் இறங்கினால் கடைப் பலகைகளில் காணலாம். வங்க எழுத்திலும் எகரக் குறி முன்னால் நிற்கும். ஒகரக் குறி இரு பக்கமும் நிற்கும். ஆனால் இகரக் குறி நமக்குப் பின்னால் வருவது, அவர்களுக்கு முன்னால் வரும். அவ்வூரின் பெயரை வங்கத்தில் எழுதிய பலகையில் லகரத்துக்கு இடப்பக்கம் அக்குறி வளைந்து நிற்பதைப் பாருங்கள். அடுத்து, நாம் ஞகர மெய்யைப் புள்ளியிட்டுத் தனியே நிறுத்துகிறோம்; அவர்கள் இரு மெய்களையும் பிணைத்து ஒரே கூட்டெழுத்தாக்குகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆதி கங்கையைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலி என்பவர் பெயரால் வந்த அந்த ஊர்ப்பெயரே, இரு மொழி எழுத்தின் உறவையும் வேற்றுமையையும் ஒருங்கே காட்டும் பாடமாக இருக்கிறது. கூட்டெழுத்துகள் மிகுதியாகையால் வங்க ஏட்டுச் செயலி எழுதுவது கடினம். புள்ளி என்னும் எளிய குறி நமக்கு அந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறது.

இனி, எத்தனை உருவங்களை வரைந்து வைக்க வேண்டும் என்று கணக்கிடுவோம். தமிழ் எழுத்து 247 என்று கேட்டவர் மலைக்க வேண்டா. ஔகாரம் ஒகரத்தோடு ளகரம் போன்ற உருவைச் சேர்த்து வரையப்படுவதால், உயிருக்கு 11 உருவம் போதும், ஆய்தம் 1. பதினெட்டு உயிர்மெய்க்கும் அகரமேறிய வடிவம், புள்ளி பெற்ற வடிவம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் பெற்ற வடிவங்கள் என ஆறு ஆறாக 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி எனத் தனியே நிற்பவை 4. மொத்தம் 124. வடசொற்களுக்கு வேண்டிய ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுக்கு ஆறு ஆறாக 30, ஸ்ரீ ஒன்று, ஆக 155. ஒவ்வோர் உருவத்தையும் 24 புள்ளி அகலமும் 20 புள்ளி உயரமும் உள்ள கட்டத்தில் வைத்தால், கறுப்பு வெள்ளையாக 480 புள்ளி, அதாவது 60 பைட். 155 உருவத்துக்கும் 9,300 பைட். தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது!

இவ்வுருவங்களைக் கையால் வரைய வேண்டும் என்பதில்லை. நோட்டோ போன்ற எழுத்துருக்கள் எவரும் பயன்படுத்தும் உரிமத்தோடு கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கணிப்பொறியே கட்டத்தில் புள்ளி வைத்துத் தரும். ஆனால் சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். ழகரத்தின் கீழ்வளைவு மங்கும். அவற்றை மட்டும் நாமே திருத்த வேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களைப் படித்துப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குப் பழைய உருவம் ஏழையும் கூடுதலாக வரைந்து வைக்கலாம். சீர்திருத்தம் மாற்றிய எழுத்து பதின்மூன்று; எஞ்சிய ஆறும், கொம்பும் காலும் பெற்ற ஒகர ஓகார வடிவங்களாகையால், இவற்றைக் கொண்டே அமைந்துவிடும். பாட்டனார் தம் கையெழுத்தில் அந்த வடிவங்களை எழுதிக்காட்ட, பேரப்பிள்ளை கட்டத்தில் புள்ளி வைத்தால், அதுவே ஒரு நல்ல மாலைப் பொழுது.

அடுத்தது இடச் சிக்கனம். நம்வொர்க்ஸ் என்-0110 என்ற வகையில் ஒரு நொடிக்கு 21 கோடியே 60 இலட்சம் துடிப்பில் இயங்கும் சில்லு ஒன்று உண்டு, வேகத்துக்குக் குறைவில்லை. நிலையான நினைவகம் 8 மெகாபைட். அதில் இயக்க நிரலும் குடியிருக்கிறது. வேலை நினைவகமோ 256 கிலோபைட் மட்டுமே. திரை 320க்கு 240 புள்ளி. புள்ளிக்கு இரண்டு பைட் வண்ணம் என்றால் ஒரு முழுத் திரைக்கு 1,53,600 பைட். திரை முழுவதையும் வேலை நினைவகத்தில் எழுதி வைத்துக் காட்டுவது வீட்டுக் கூடத்தில் தேரை நிறுத்துவது போலாகும். அதைவிட, 24 புள்ளி உயரமுள்ள ஒரு வரியை மட்டும் 15,360 பைட்டில் வரைந்து, திரைக்கு அனுப்பிவிட்டு, அதே இடத்தில் அடுத்த வரியை வரையலாம். பத்து வரி அனுப்பினால் ஒரு பக்கம்.

நூலுக்கும் அவ்வாறே. குறள் ஒன்றுக்கு 200 பைட் என்று தாராளமாக வைத்தால், 1330 குறளுக்கு 2,66,000 பைட் ஆகிறது. வேலை நினைவகத்தின் முழு அளவான 2,62,144 பைட்டை அது மிஞ்சிவிடுகிறது. ஆகவே நூலை அங்கே கொண்டுவராமல், நிலையான நினைவகத்தில் இருந்தவாறே வேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துப் படிக்க வேண்டும். நம்வொர்க்ஸ் செயலியுடன் ஒரு கோப்பை இணைத்து அனுப்பவும், அக்கோப்பை இருந்த இடத்திலேயே படிக்கவும் வசதி செய்திருக்கிறது. அக்கருவியிலேயே உள்ள பைதான் மொழியில் எழுதலாமே எனின், அந்நிரல்களுக்கு உரிய இடம் சில பத்துக் கிலோபைட்டே; நூல் அதில் கொள்ளாது.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று உண்டு. நம் உருவங்கள் 155 என்றோம். பழைய வடிவம் ஏழையும் சேர்த்தாலும் 162. ஒரு பைட்டுக்கு 256 வேறுபாடு உண்டு. எனவே எழுத்தைக் கூட்டி வரிசைப்படுத்தும் வேலையை வீட்டுக் கணிப்பொறியில் முன்பே முடித்து, உருவத்துக்கு ஒரு பைட்டாக எழுதி அனுப்பலாம். டாலிகஞ்ச் என்பது 27 பைட்டிலிருந்து 6 பைட்டாகும். இது புதிய கண்டுபிடிப்பன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கணிப்பொறியாளர் கையாண்ட முறையே இது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட டாம், டாப் என்னும் குறிமுறைகள் இவ்வகையின. ஆனால் உருவ வரிசையில் எழுதிய உரையை மற்றொரு கருவி புரிந்துகொள்ளாது; அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஏற்ற குறிமுறை தெரியாமல் கடிதங்கள் குழம்பிப்போனதைப் பலர் அறிவர். ஆதலால் மூல நூலை ஒருங்குறியில் வீட்டில் வைத்துக்கொண்டு, கால்குலேட்டருக்கு மட்டும் மாற்றிய படியை அனுப்புதல் வேண்டும். விதைநெல் வேறு, சமைக்கும் அரிசி வேறு.

இனிச் செயலியைக் கட்டும் முறை. கணிப்பொறியில் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, ஏ.ஆர்.எம். சில்லுக்கு உரிய ஜி.சி.சி. தொகுப்பி, நாம் சி மொழியில் எழுதுவதைச் சில்லின் மொழியாக்குவது அது. மற்றொன்று, நோட்.ஜே.எஸ். என்பதும் அதன்மேல் இயங்கும் என்.டபிள்யூ.லிங்க் என்ற இணைப்பு நிரலும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் ஆகிய மொழிகளில் மாதிரிச் செயலிகளை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அந்த மாதிரியை எடுத்து, அதன் உட்பகுதியை நீக்கி, நம் பகுதியை வைப்பதே முறை. செயலிக்கு ஒரு பெயரும், 55க்கு 56 புள்ளி அளவில் ஒரு சிறு படமும் தர வேண்டும்.

நிரலின் ஓட்டம் எளியது. இணைத்த கோப்பு எங்குத் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று கேட்கிறது. ஒரு சொல்லில் உள்ள உருவங்களின் அகலங்களைக் கூட்டி, வரியில் இடம் இருந்தால் அங்கே வைக்கிறது. இல்லையேல் அடுத்த வரிக்குப் போகிறது. தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒன்றுபோல் இரா. ரகரம் ஒல்லி, ணகரம் பருமன். ஆகவே ஒவ்வோர் உருவத்துக்கும் அதன் அகலத்தைத் தனியே குறித்து வைத்தல் வேண்டும். பத்து வரி நிரம்பியதும் விசைக்காகக் காத்திருக்கிறது. கீழ்நோக்கிய அம்பு அடுத்த பக்கம். மேல்நோக்கிய அம்பு முன்பக்கம். முன்பக்கம் திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்கியது என்று ஓர் எண்ணைக் குறித்துவைத்தல் வேண்டும். செயலியை விட்டு வெளியேறினால் அக்குறிப்பு மறைந்துவிடும். எனவே தொடங்கும்போதே அதிகார எண்ணைக் கேட்டு அங்கே செல்லும்படி அமைப்பது நல்லது.

தொகுத்து முடித்தால் என்.டபிள்யூ.ஏ. என்னும் விகுதியுடன் ஒரு கோப்பு கிடைக்கும். கால்குலேட்டரை யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்து, என்.டபிள்யூ.லிங்குக்குச் செயலியின் பெயரையும் உடன் செல்லும் நூற்கோப்பின் பெயரையும் சொன்னால், சில நொடிகளில் இரண்டும் உள்ளே சென்று அமரும். பின்னர் முகப்புத் திரையில் மற்றச் செயலிகளின் வரிசையில் நம் சிறு படமும் தோன்றும்.

தோன்றியவுடன் முழு நூலைப் படிக்க வேண்டா. சோதனைச் சொற்கள் சிலவற்றை முதலில் ஓட்டிப் பாருங்கள். கொக்கு, பொய்கை, தேனீ, கௌதாரி, தூணூடு என்பன போதும். கொம்பு இடம் மாறினால் கொக்கிலும் பொய்கையிலும் தெரிந்துவிடும். ஊகாரச் சுழி தவறினால் தூணூடு காட்டிக்கொடுக்கும். கௌதாரியில் ஒரு நுட்பம் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பகுதி பார்வைக்கு ளகரமே. அதனால் பலர் ககரத்துக்குக் கொம்பிட்டு, ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். திரையில் வேற்றுமை தெரியாது. ஆனால் பொறிக்கு அது கெ, ள என இரண்டு எழுத்து. அவ்வாறே காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிய நூல்களும் உண்டு. இத்தகைய பிழைகளைப் பொறி அறியாது. தமிழ் அறிந்தவர் கண்தான் அறியும்.

ஒரு கடமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் பொதுவாகக் கால்குலேட்டருக்கு இடமில்லை. சர்வதேச பாக்கலரேட் கணிதத் தேர்விலோ வரைபடக் கால்குலேட்டர் தேவைப்படுகிறது. ஏட்டுச் செயலி உள்ள கருவி தேர்வுக் கூடத்துக்குள் போகும்போது, ஐயம் எழுவது இயல்பே. இதற்காகவே தேர்வு முறை என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள்; அதனை இயக்கினால் வெளிச் செயலி பயன்படாது. அம்முறையை மீற வழி உண்டு என்று சிலர் காட்டியதன் விளைவாக, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2020இல் தன் டி.ஐ.-84 பிளஸ் சி.இ. வகைக்கான புதிய இயக்க நிரலில், சி மொழி நிரல்களும் அசெம்பிளி நிரல்களும் இயங்கும் வழியையே அடைத்துவிட்டது. ஒரு சிலர் செய்த குறும்பினால், நேர்மையாகக் கற்றவர்கள் கட்டிய நிரல்களும் வீணாயின. நம்வொர்க்ஸும் முழு இயக்க நிரலை மாற்றும் உரிமைக்குப் பின்னாளில் பூட்டுப் போட்டது. வெளிச் செயலிக்கு மட்டும் வழி விட்டிருக்கிறது. அந்த வழி திறந்திருப்பது நம் நடத்தையைப் பொறுத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் பெற்றோர் கடமை.

எந்த நூலை ஏற்றுவது? 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழர்களின் தன்னார்வ உழைப்பால், சங்க நூல் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல் வரை பலவற்றைத் தட்டெழுதி இலவசமாகத் தருகிறது. திருக்குறளும் ஔவையாரும் அங்கே உண்டு. பாரதியாரின் படைப்புகளை 1949இல் சென்னை அரசு நாட்டுடைமையாக்கியது. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டு வரை நூலுக்கு உரிமை உண்டு. அந்த எல்லைக்கு உட்பட்ட நூல்களை உரியவர் இசைவின்றி ஏற்றுதல் ஆகாது. நூல்கள் ஒருபுறம் இருக்க, ஊரிலிருந்து பாட்டியார் எழுதும் கடிதம், சமையற் குறிப்பு, குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழி ஆகியவற்றைத் தமிழில் தட்டி ஏற்றலாம். சிறு பிள்ளை முதலில் படிக்க விரும்புவது இவற்றைத்தான்.

ஒரு பொறி நம் எழுத்தை அறியவில்லையென்றால், அது பொறியின் குறை அன்று. அறிந்தவர் எவரும் அதன் அருகில் அமர்ந்து சொல்லித்தரவில்லை என்பதே பொருள். நிரல் எழுதத் தெரிந்த மாணவர் டாலிகஞ்சிலும் உண்டு, ஜாம்ஷெட்பூரிலும் உண்டு, மும்பையிலும் உண்டு. கொம்பு எங்கே நிற்கும், சுழி எத்தனை, ழகரம் எப்படி வளையும் என்று தெரிந்த பெரியவர்கள் அதே வீட்டின் அடுத்த அறையில் இருக்கிறார்கள். பத்துக் கிலோபைட் எழுத்துருவும், சில நூறு வரி நிரலும், சில விடுமுறை நாட்களும் இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தும். செயலி முடியும் நாளில் கால்குலேட்டர் தமிழ் காட்டும். அதற்கு முன்பாகவே, 247 எழுத்தையும் ஒவ்வொன்றாக அதற்குக் கற்பித்த பிள்ளை தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கும்.